இடது பக்கம் திரும்பாத லாரி

கிடங்கில் அவனுக்கு சோபா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; லைசென்ஸில் அதுதான் இருந்தது. ஆனால் லாரிக்காரர்கள் நடுவில் வந்து நின்று, "இதுக்கு முன்னாடி எங்கே வேலை?" என்று கேட்டதற்கு, "சோபா கடையில சேல்ஸ்மேன்" என்று வாயைக் கொடுத்தவனுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. காதோரம் நரை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இருந்தாலும் சுமை ஏற்றுகிறவர்கள், "சோபா, இந்தப் பெட்டியை ஒரு கை பிடி" என்று கூப்பிட்டால் ஓடி வருவான். கூப்பிட ஆள் இருக்கிற ஓர் இடத்தில் நிற்கிறோமே என்பதே அப்போது அவனுக்குப் பெரிதாக இருந்தது.

அவன் வேலை பார்த்த கடை ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கவில்லை. முதலாளி போனை எடுக்கவில்லை. அவ்வளவுதான், பதினைந்து வருஷ வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரும் அவனிடம் சொன்னது ஒரே விஷயம்: டிரைவருக்குத்தான் இப்போ தட்டுப்பாடு, ஹெவி லைசென்ஸ் எடுத்தால் வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். இப்படி யோசனை சொல்லுகிறவர்கள் யாரும் லாரி ஓட்டியவர்கள் இல்லை என்பதை அவன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. படாத பாடு பட்டு லைசென்ஸ் எடுத்தான்.

தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அது தூர ஓட்டத்துக்கு. போனால் வாரக்கணக்கில் திரும்பாத வண்டிகளுக்குத்தான் ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். ஊருக்குள்ளேயே சரக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டில் போய்ப் படுக்கிற வேலைக்கு ஏற்கெனவே ஒரு பட்டாளம் காத்திருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அனுபவம் இருக்கா?

"ஓட்ட விட்டாத்தானேங்க அனுபவம் வரும்?"

"வேற எங்கேயாவது ஓட்டிட்டு வாப்பா."

வேறெங்கேயாவது என்பது யாருடைய வண்டி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தண்ணீர் லாரிக்காரர் மட்டும் உட்காரவைத்துப் பேசினார். "இதுவரைக்கும் வண்டியை எத்தனை தடவை இடிச்சிருக்கே?" என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்று இவன் நெஞ்சை நிமிர்த்தினான். "அப்போ நீ ஓட்டவே இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இவன் மூக்கறுபட்டுத் திரும்பினான்.

தூர ஓட்டக் கம்பெனி ஒன்று மட்டும் அவனை விடாமல் போன் செய்துகொண்டிருந்தது. லைசென்ஸ் இருந்தால் போதும், உடனே வண்டி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்ல வீட்டில் வழியில்லை. காரணம், அவனுடைய மனைவி.

அவள் தூர ஓட்ட டிரைவரின் மகள். அவளுடைய அப்பா குடித்தவர் இல்லை, அடித்தவர் இல்லை, வீட்டுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்தவரும் இல்லை. வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அபூர்வமாக ஒரு நாள், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பியவர், பள்ளிக்கூட வாசலில் நின்று, "நீ எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டாராம். இந்தக் கதையை அவள் கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னாள். லைசென்ஸ் வந்த அன்று மறுபடியும் சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வேலைன்னா போங்க. இல்லேன்னா நான் தைக்கிறதை வச்சு எப்படியோ ஓட்டிக்கலாம். வண்டி மட்டும் வேண்டாம்."

அவள் தைத்துக் கொண்டுவருவதை வைத்து எவ்வளவு தூரம் ஓடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அத்தான் கைகொடுத்தார். அத்தான் என்றால் அவனுடைய அக்காவின் கணவர். ஊருக்குள் சரக்கு இறக்குகிற ஒரு கிடங்கில் காலங்காலமாக லாரி ஓட்டுகிறவர். காகிதம், சோப்பு, துடைக்கிற துணி, மாவு மூட்டை என்று பேக்கரி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் பின்வாசல்களில் போய் இறக்குவது அவருடைய வேலை. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அவராகவே ஒரு நாள் போன் செய்தார்.

"மச்சான், டிரைவராத்தான் வருவேன்னு நின்னா யாரும் எடுக்க மாட்டாங்க. என் வண்டியில ஹெல்பரா ஏறிக்கோ. ரூட்டைப் பழகு. இடம் காலியாகும்போது மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

பையில் ஹெவி லைசென்ஸை வைத்துக்கொண்டு பெட்டி தூக்குவது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அத்தானின் வண்டியில் ஏறிய முதல் நாளிலேயே அந்த உறுத்தல் போய்விட்டது. அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவசரம் கிடையாது. ஹாரன் கிடையாது. முக்கியமாக, அவருக்கென்று ஒரு வழி இருந்தது. பேக்கரிக்கு இடது பக்கம் ஒரே ஒரு திருப்பம்தான். அத்தான் திரும்ப மாட்டார். நேராகப் போய், வலது பக்கம் ஒன்று, மறுபடி வலது, மறுபடியும் வலது என்று சுற்றி வந்து, அந்தத் தெருவுக்குள் நேராக நுழைவார். பேக்கரி வாசல் அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லாம் அவருடைய ஜன்னல் வழியாகவே தெரியும். ஒரே மூச்சில் வண்டி மேடையோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

"கண்ணுக்குத் தெரியாத பக்கம் வண்டியைத் தள்ளாதே. தெரியற பக்கமா ஓட்டு" என்பார். எந்த நல்ல டிரைவரும் சொல்லுகிற விஷயம்தான் அது. சோபாவுக்கு அது வேதவாக்காகத் தெரிந்தது.

வேறு வழியே இல்லாமல் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் அத்தான் வண்டியை முழுக்க நிறுத்திவிடுவார். "இறங்கிப் பாரு மச்சான்" என்பார். இவன் குதித்து இறங்கி, சைக்கிள், ஆள், கல், குழி எல்லாம் பார்த்துக் கையசைத்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். திரும்பும்போது கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பதோடு விட மாட்டார். தோளோடு சேர்த்து முகத்தையே முழுசாக இடது பக்கம் திருப்புவார். என்ன ஒரு நிதானம், என்ன ஒரு ஜாக்கிரதை என்று சோபா சொக்கிப்போனான். சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்து மனைவிக்கு அத்தானின் ரிவர்ஸை நடித்துக் காட்டுவான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கிடங்கு காலியாக இருக்கிற மத்தியான நேரங்களில் அத்தான் சாவியை அவனிடம் கொடுத்து ஓட்டச் சொல்லுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இவன் அவரை அப்படியே பிடித்துக்கொண்டான். பிரேக்கில் கால் வைக்கிற விதம், முகத்தைத் திருப்புகிற விதம், மூன்று வலது எடுத்து வருகிற வழி, எல்லாம். ஒருவரைப் பார்த்துக் கற்கிறவனுக்கு எது திறமை, எது அவருடைய கஷ்டம் என்று எப்படித் தெரியும்? அவன் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

மேனேஜருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். லாரி பின்னால் வரும்போது வாயைத் திறக்க மாட்டார், விசில்தான் பேசும். ஊதினால் வா, நிறுத்தினால் நில். ரிட்டயர் ஆகிற வயது. யாருக்கும் பிடி கொடுக்காத முகம். கிடங்கில் இன்னொரு வண்டிக்கு ஆள் தேவைப்படும் போலிருக்கிறது என்று தெரிந்ததும் அத்தான் அவரிடம் பேசினார். விசில் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, அத்தானுடைய ரூட்டில், அத்தானுடைய வண்டியில், சோபா ஓட்ட வேண்டும். விசில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

அதே வாரம் தூர ஓட்டக் கம்பெனியிலிருந்தும் கடைசி போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு வண்டியைக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அவன் மனைவியிடம் இதைச் சொன்னான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை நல்லபடியா ஓட்டுங்க" என்றாள். அந்த வண்டி வேண்டாம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சரியாக அமையாவிட்டால் அவன் அந்த வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதை அவளும் மனதுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அதுதான் அவனைப் படுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் சாவியைக் கொடுத்தார். "பதறாதே. எப்பவும் போல ஓட்டு" என்றார். எப்பவும் போல என்றுதான் சொன்னார். பாவம், அந்த வார்த்தை எங்கே போய் முடியும் என்று அவருக்கும் தெரியாது.

பேக்கரி வந்தது. சோபா இடது திருப்பத்தைத் தாண்டி நேராகப் போனான். விசில் திரும்பிப் பார்த்தார். மூன்று வலது எடுத்து நேராக நுழைந்து, ஒரே மூச்சில் வண்டியை மேடையோடு ஒட்டினான். பேக்கரிக்காரர்கூட, "இன்னிக்கு யாரு, புது ஆளா? பரவாயில்லையே" என்றார். சோபாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கும் அதேதான். இடது பக்கம் காலியாகக் கிடந்த சந்துப் பாதையை விட்டுவிட்டு, எதிரே வருகிற வண்டிகளை எல்லாம் குறுக்கே வெட்டி வலது பக்கம் திரும்ப, சிக்னலில் காத்துக்கிடந்தான். பின்னால் நின்றவன் ஹாரனை விடாமல் அடித்தான். அத்தானைப் போலவே இவனும் அசைந்துகொடுக்கவில்லை. விசில் ஜன்னல் வழியாக அந்தக் காலிப் பாதையை ஒரு முறை பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

ஹோட்டலுக்கு இடது பக்கம் திரும்பாமல் போக வழியே இல்லை. சோபா வண்டியை முழுக்க நிறுத்தினான். பழக்க தோஷம். "சார், கொஞ்சம் இறங்கி இடது பக்கம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

மேனேஜரை ஹெல்பராக்கி இறக்கிவிட்ட முதல் ஆள் அவன்தான் என்று பின்னாளில் கிடங்கில் சிரித்தார்கள். அன்றைக்கு விசில் சிரிக்கவில்லை. இறங்கவும் இல்லை. சோபா தோளோடு சேர்த்து முகத்தை முழுசாக இடது பக்கம் திருப்பி, மெதுவாக வண்டியை வளைத்தான். திருப்பம் முடிந்ததும் விசில் சொன்னார்:

"வண்டியை ஓரமா நிறுத்து."

நிறுத்தினான். விசில் கையை நீட்டி அவனுடைய வலது கண்ணைப் பொத்தினார்.

"அந்த மருந்துக் கடை போர்டைப் படி."

படித்தான். அதற்குக் கீழே இருந்ததைப் படிக்கச் சொன்னார். அதையும் படித்தான். கதவில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்தான்.

"நல்லாத்தானே தெரியுது" என்று விசில் கையை எடுத்தார். "பின்னே ஏன் ஒத்தைக் கண்ணுக்காரன் மாதிரி ஓட்டறே? புதுசுங்கறதால இடது பக்கம்னா பயமா? இல்ல, இப்படித்தான் கத்துக்கிட்டியா?"

அந்த நிமிஷத்தில்தான் சோபாவுக்கு எல்லாம் விளங்கியது. அத்தான் ஏன் டீ கிளாஸை எப்போதும் தன் வலது பக்கம் வைக்கச் சொல்லுவார், படியிறங்கும்போது ஏன் இடது கையால் சுவரைத் தடவுவார், அக்கா ஏன் எப்போதும் அவருடைய வலது பக்கமாகவே நடப்பாள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது. இத்தனை நாள் தான் பார்த்துச் சொக்கிய நிதானம் என்ன என்பதும் விளங்கியது.

விசில் கேட்டதற்கு இரண்டு பதில் இருந்தது. ஆமா சார், எனக்கு இன்னும் பழகலை, பயமா இருக்கு என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் இடது பக்கம் திரும்பப் பயப்படுகிறவனுக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? திங்கட்கிழமை அவன் கண்முன் வந்து நின்றது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி வந்து நின்றாள். நாலு வருஷம் கழித்து ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் தானே நின்று மகளிடம் கேட்கப்போகிற கேள்வியும் வந்து நின்றது.

"பயமெல்லாம் இல்லை சார்" என்றான். "அத்தான் எப்பவும் இப்படித்தான் ஓட்டுவார். அவரைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்."

இதோடு நிறுத்தியிருந்தாலும் ஏதோ சமாளித்திருக்கலாம். பெரிய டிரைவர்களுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும். ஆனால் அவன் நிறுத்தவில்லை. விசிலின் முகம் இளகவில்லையே என்ற பதற்றத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னான்.

"இடது பக்கம் திரும்பணும்னா, என்னை இறங்கிப் பார்க்கச் சொல்வார் சார். நான் சொன்னாத்தான் திருப்புவார்."

இதை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததை அவனாகத்தான் எடுத்துக் கொடுத்தான். பிறகு எத்தனையோ நாள் அவன் மனதுக்குள் அந்த ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்தோடு வாயை மூடிக்கொள்ளப் பார்ப்பான். முடிந்ததே இல்லை.

"எப்பவுமா?" என்றார் விசில்.

"எப்பவும் சார்."

விசில் ரோட்டைப் பார்த்தார். பிறகு, "சரி. இனிமே நான் சொல்ற வழியில போ. இடது பக்கம் திருப்பு" என்றார். சோபா கண்ணாடியைப் பார்த்தான், திருப்பினான். ஒன்றுமே இல்லை. தண்ணீர் குடிப்பது மாதிரி இருந்தது. மிச்சமிருந்த கடைகளை எல்லாம் நேர்வழியில் முடித்து, எப்போதும் திரும்புகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே கிடங்குக்கு வந்துவிட்டார்கள். அத்தான் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டி அவ்வளவு சீக்கிரம் வந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். சோபாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

விசில் கூச்சல் போடுகிற ஆள் இல்லை. அத்தானை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளே கண் டாக்டரிடம் அனுப்பினார். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, இனி சரியாகவும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியிலிருந்து அத்தானை இறக்கினார்கள். உள்ளே சரக்கு பிரிக்கிற இடத்தில் உட்காரச் சொன்னதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை சோபா அத்தானின் வண்டியில் டிரைவராக ஏறினான். அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கிடங்கில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சோபா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். "டிரைவர், கதவைத் திற" என்றார்கள். "டிரைவர், அடுத்த லோடு" என்றார்கள். எந்தப் பெயருக்காகத் தெருத்தெருவாக அலைந்தானோ அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

மனைவியிடம் நடந்தது முழுவதையும் சொன்னான். அவள் ஒளிவுமறைவு இல்லாதவள். நேராகவே சொன்னாள்:

"நீங்க சொன்னது நல்லதுக்குத்தாங்க. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்கே வந்து, அவருக்குத் தெரியாமப் போயிருந்தா? அப்போ யார் பதில் சொல்றது?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அத்தான் அந்தக் கண்ணோடு ஓட்டியிருக்கவே கூடாது. ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டோரத்தில் அவன் எந்தக் குழந்தையையும் நினைக்கவில்லை. வேலையைத்தான் நினைத்தான். குழந்தை பிற்பாடு மனைவியின் பேச்சில்தான் வந்தது. இதை அவளிடம் விளக்கிச் சொல்ல முயன்று, முடியாமல் விட்டுவிட்டான்.

அவள் ஆசைப்பட்டபடியே தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தான். எத்தனாவது படிக்கிறாள் என்பது மட்டும் இல்லை, எந்த டீச்சர் எப்படித் திட்டுவார் என்பதுகூடத் தெரிந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டிய காலம் அது. அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். கடைசியில் அக்காவே போன் செய்தாள்.

"என்னடா தம்பி, வேலை கிடைச்சதும் அக்கா வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனான். கதவைத் திறந்தது அத்தான். "வா மச்சான்" என்று எப்போதும் போலக் கூப்பிட்டார். முன்பு உட்காருகிற அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இவன் வேண்டுமென்றே அவருடைய வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அதை அவரும் கவனித்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். வண்டி எப்படி ஓடுகிறது, கிளட்ச் இன்னும் இழுக்கிறதா என்று அத்தான் கேட்டார். இவன் பதில் சொன்னான். பிறகு இவன்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

"அத்தான், அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

"மேனேஜர் சொன்னார்" என்றார் அத்தான். "நீ சொன்னதை அப்படியே சொன்னார். விடு. நானும் யோக்கியன் இல்லை. உன் மேல இருக்கற அக்கறையில மட்டும் உன்னை வண்டியில ஏத்தலை. எனக்கு இடது பக்கம் பார்க்க ஒரு ஆள் வேணும். வெளியாள்னா கிடங்குல போய்ச் சொல்லிடுவான். நீ வீட்டு ஆளு, சொல்ல மாட்டேன்னு நினைச்சேன்."

இதைக் குத்திக்காட்டும்படி அவர் சொல்லவில்லை. கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னார். சோபா டீயைக் கீழே வைத்தான்.

"ஆனா ஒண்ணு மச்சான்" என்று அத்தான் தொடர்ந்தார். "அன்னிக்கு நீ பயமா இருக்குன்னு சொல்லியிருந்தாலும் உன் வேலை எங்கேயும் போயிருக்காது. அவர் முதல் ஓட்டத்துல யாரையும் தேத்தினதே இல்லை. ஏதாவது ஒரு குறை சொல்லி, அடுத்த வாரம் வா, மறுபடி பார்க்கலாம்னு அனுப்பிடுவார். திட்டு வாங்கிட்டு ஒருத்தன் திரும்பி வர்றானா, வந்தா எப்படி ஓட்டறான்னு பார்க்கறது அவர் வழக்கம். ரெண்டாவது ஓட்டத்துலதான் எடுப்பார். என்னையும் அப்படித்தான் எடுத்தார். உன்னை மட்டும் உடனே எடுத்தது, என் வண்டிக்கு ஆள் இல்லைங்கறதாலதான். கிடங்குல எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் நான் சொல்லலை. சொன்னா முதல் ஓட்டத்தை விளையாட்டா எடுத்துக்குவேன்னு."

அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் சோபா எல்லாவற்றையும் சொன்னான். அடுத்த வாரம் வா என்று விசிலே சொல்லியிருப்பார், அதை நம்பித் தூர ஓட்டத்தை விட்டிருக்கலாம். ஒரு வாரம். பொறுத்திருந்தால் தானாகவே வந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக அத்தானைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

அக்கா சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுத் தீர்த்துவிட்டு மிஞ்சியதுதான் இருந்தது.

"இவர் அந்த ரெண்டாவது ஓட்டத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தார்டா. நீ தேறிட்டா, அன்னிக்கு இவரே மேனேஜர்கிட்டப் போய்க் கண்ணு போன விஷயத்தைச் சொல்லிடறதா இருந்தார். என் இடத்துல இவனைப் போடுங்க, வேற வண்டி வேண்டாம், என் வண்டியையே இவனுக்குக் குடுங்கன்னு கேட்கறதா இருந்தார். யாரும் இறக்கிவிட்டு இறங்கக் கூடாது, நானாத்தான் இறங்கணும்னு இவருக்கு ஒரு இது. இங்கே கண்ணாடி முன்னாடி நின்னு என்னைக் கேட்க வச்சுச் சொல்லிப் பார்ப்பார். எப்படி ஆரம்பிக்கறது, எங்கே சாவியை மேஜை மேல வைக்கறதுன்னு. நல்லாருக்கான்னு கேட்பார். நல்லாருக்குன்னு சொல்வேன்."

"போதும் விடு" என்றார் அத்தான்.

வேலை எப்படியும் அவனுக்குத்தான் வந்திருக்கும். அதே வண்டி, அதே ரூட், அதே சாயங்காலம். அவன் அவசரப்பட்டுப் பறித்தது வேலையை இல்லை. இத்தனை வருஷம் ஓட்டிய மனிதர் கடைசியாகச் சொல்ல வைத்திருந்த நாலு வார்த்தையைத்தான். அது அவனுக்கு எதற்கும் பயன்படாத பொருள்.

கண் கலங்கியது. துடைத்துக்கொண்டால் அத்தான் பார்த்துவிடுவார் என்று குனிந்தே உட்கார்ந்திருந்தான். எதையாவது கேட்டே ஆக வேண்டும் போலிருந்ததால், கேட்டான்.

"மேனேஜர்கிட்ட என்ன சொல்றதா இருந்தீங்க அத்தான்? எங்கிட்டச் சொல்லுங்க. நான் கேட்கறேன்."

அத்தான் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்னவோ சொல்லணும்னு இருந்தேன். மறந்துபோச்சு" என்றார்.

சோபா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அந்த வார்த்தைகள் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த அவள், அவன் கண்ணைச் சந்திக்காமல் உள்ளே போய்விட்டாள்.